பழியைச் சர்க்கரை மேல் போடாதீர்கள்

செஞ்சியிலும் சுற்றுவட்டக் கிராமங்களிலும் பால்வாடிப் பருவத்துப் பிள்ளைகளை வளர்க்கும் அம்மாக்களுக்கும் அப்பாக்களுக்கும்,



கடைவீதியில் மருந்துக்கடை வைத்திருப்பவன் எழுதுகிறேன். உங்களில் பாதிப் பேர் என்னை ‘அண்ணா’ என்பீர்கள், மீதிப் பேர் ‘மெடிக்கல்காரர்’ என்பீர்கள். கொஞ்ச காலமாக நீங்கள் கேட்கிற ஒரு கேள்வி என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. தாத்தாவின் சர்க்கரை நோய்க்காக மாதாமாதம் வாங்கிப்போகும் இனிப்பு மாத்திரை டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு, "இத நம்ம புள்ளைக்குப் பால்ல போடலாமாண்ணா? சக்கர போட்டா ஆட்டம் தாங்கல" என்கிறீர்கள். பிள்ளைக்கு நாலு வயது. நீங்கள் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அது எடை மெஷின் மேல் ஏறுவதும் குதிப்பதுமாக இருக்கிறது.

போடாதீர்கள். அது முதல் பதில். இரண்டாவது பதில் கொஞ்சம் நீளம். பின்னால் நாலு பேர் சீட்டோடு நிற்கும்போது சொல்லி முடிகிற சங்கதி இல்லை என்பதால்தான் இந்த மடல்.

இனிப்புத் தின்றால் பிள்ளை துள்ளும், அடங்காது, அடிக்கும், கடிக்கும் என்று உங்களுக்கு யார் யாரோ சொல்லியிருக்கிறார்கள். செல்போனில் வரும் ரீல்ஸ் சொல்கிறது; ‘சுகர் ரஷ்’ என்று அதற்கு ஒரு பெயரும் வைத்திருக்கிறது. சில நர்சரிகளில் டைரியில் ‘இனிப்பைக் குறைக்கவும்’ என்று எழுதி அனுப்புகிறார்கள். வீட்டில் ஆயா மேல் விசாரணை நடக்கிறது: "நீதான குடுத்த?" வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போனவள், பேரப்பிள்ளையிடம் வெறுங்கையோடு வர மனசில்லாமல் ஒரு பொட்டலம் பூந்தியை முந்தானையில் முடிந்துகொண்டு வந்தாள். அன்று சாயங்காலம் பையன் கட்டிலிலிருந்து குதித்ததற்கெல்லாம் அவள்தான் குற்றவாளி.

இந்தக் குற்றச்சாட்டை வெறும் நம்பிக்கையாக விட்டுவிடாமல் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 1994இல் அமெரிக்காவில் மார்க் வோல்ரைச் என்ற குழந்தை மருத்துவரும் அவரோடு இருந்தவர்களும் செய்த ஆய்வு இதில் முக்கியமானது. 3 முதல் 5 வயது வரையான 25 பிள்ளைகள். ‘சர்க்கரை இவனுக்கு ஆகாது’ என்று பெற்றோரே சொன்ன, 6 முதல் 10 வயது வரையான 23 பிள்ளைகள். அந்த வீடுகளில் இருந்த தின்பண்டம், மளிகை எல்லாவற்றையும் அப்புறப்படுத்திவிட்டு, குடும்பம் முழுவதற்கும் ஆய்வாளர்களே சாப்பாடு கொடுத்தார்கள். மூன்று வாரம் சர்க்கரை மிகுந்த சாப்பாடு, மூன்று வாரம் அஸ்பர்டேம் என்ற செயற்கை இனிப்பூட்டி போட்டது, மூன்று வாரம் சாக்கரின் என்ற இன்னொரு இனிப்பூட்டி போட்டது. எந்த வாரத்தில் எது என்று பிள்ளைக்கும் தெரியாது, பெற்றோருக்கும் தெரியாது, அளந்து பார்த்தவர்களுக்கும் தெரியாது. சர்க்கரை வாரங்களில் சின்னப் பிள்ளைகள் தின்ற அளவு, எடையில் கிலோவுக்கு 5.6 கிராம். 15 கிலோ பிள்ளை என்றால் நாளுக்கு 84 கிராம். எந்த ஆயாவும் அவ்வளவு கொடுத்துவிட முடியாது.

என்ன நடந்தது? சர்க்கரை ஆகாது என்று சொல்லப்பட்ட பிள்ளைகளிடம் நடத்தையிலும் அறிவுத்திறனிலும் 39 விஷயங்களை அளந்தார்கள். ஒன்றில்கூட மூன்று சாப்பாட்டுக்கும் இடையே பொருட்படுத்தும்படியான வித்தியாசம் இல்லை. சின்னப் பிள்ளைகளிடம் 31 அளவீடுகளில் நாலில் வித்தியாசம் தெரிந்தது. அதுவும் ஒரே பக்கமாகச் சாயவில்லை. ஒன்று இப்படி, ஒன்று அப்படி. மறு ஆண்டே அதே வோல்ரைச், அதுவரை நடந்த 23 சோதனைகளைச் சேர்த்து ஆராய்ந்து, சர்க்கரை பிள்ளைகளின் நடத்தையை மாற்றுவதாகத் தெரியவில்லை என்று எழுதினார். மிகச் சிறிய விளைவோ, ஏதோ ஒரு சிறு பிரிவுப் பிள்ளைகளுக்கு மட்டும் விளைவோ இருக்கலாம் என்பதை அடியோடு தள்ளிவிட முடியாது என்றும் சேர்த்தே சொன்னார். நாணயமான ஆள்.

ஆனால் நான் உங்கள் காதில் போட நினைப்பது வேறொரு ஆய்வை. அதுவும் 1994தான். ஹூவர், மிலிச் என்ற இருவர் செய்தது. 5 முதல் 7 வயது வரையான 35 பையன்கள், அவர்களுடைய அம்மாக்கள். எல்லா அம்மாக்களும் "என் மகனுக்குச் சர்க்கரை பட்டால் போதும், பிடிக்க முடியாது" என்றவர்கள். பாதி அம்மாக்களிடம் உங்கள் பையனுக்கு நிறைய சர்க்கரை கொடுத்திருக்கிறோம் என்றார்கள். மீதிப் பேரிடம் சர்க்கரை இல்லாத பானம் என்று உண்மையைச் சொன்னார்கள். நிஜத்தில் அத்தனை பையன்களும் குடித்தது அஸ்பர்டேம் போட்ட பானம். ஒரு துளி சர்க்கரை யாருக்கும் போகவில்லை. பிறகு அம்மாவையும் பிள்ளையையும் சேர்ந்து விளையாட விட்டு வீடியோ எடுத்தார்கள்.

சர்க்கரை போயிருக்கிறது என்று நம்பிய அம்மாக்கள், தங்கள் பையன் அன்று அதிகமாக ஆட்டம் போட்டதாக எழுதிக்கொடுத்தார்கள். அதைவிட முக்கியம், வீடியோவில் அந்த அம்மாக்கள் நடந்துகொண்ட விதம். பிள்ளையை ஒட்டியே நின்றார்கள்; கண்ணை எடுக்காமல் பார்ப்பதும், கூடக் கூடப் பேசுவதும், குறை சொல்வதும் அதிகமாகும் போக்கு தெரிந்தது. அந்த அறையில் மாறியது அம்மா.

இதை உங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து பாருங்கள். பையன் ஒரு லட்டு தின்றுவிட்டான் என்று தெரிந்த நிமிடத்திலிருந்து நீங்கள் அவனையே பார்க்க ஆரம்பிக்கிறீர்கள். "ஓடாத, குதிக்காத, பாரு ஆரம்பிச்சிட்டான்" என்கிறீர்கள். நாலு வயதுப் பிள்ளை எந்த நாளும் ஓடும், எந்த நாளும் குதிக்கும். மற்ற நாளில் கண்ணில் படாதது அன்று கணக்கில் ஏறுகிறது. திட்டு வாங்கிய பிள்ளை முறுக்கிக்கொள்கிறது. அதுவும் கணக்கில் ஏறுகிறது. இது எனக்குச் சிறிய விஷயமாகத் தெரியவில்லை. பிள்ளையின் காதுபடவே "இவனுக்குச் சக்கர ஏறிடுச்சு" என்று நாலு பேரிடம் சொல்கிறீர்கள். அடங்காதவன் என்ற பட்டத்தை அவனும் ஏற்றுக்கொண்டால், பிறகு எந்தக் கடையிலும் அதற்கு மருந்து கிடையாது.

"எங்க கண்ணால பாக்குறோம்ணா" என்பீர்கள். பார்ப்பது உண்மைதான், மறுக்கவில்லை. எங்கே பார்த்தீர்கள் என்று மட்டும் யோசியுங்கள். மேல்மலையனூர் அமாவாசைக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகிறீர்கள். ஊஞ்சல் உற்சவம் முடிய நடுராத்திரி ஆகிறது. மேளம், பம்பை, கூட்டம், விளக்கு, மாமா தோள்மேல் ஒரு சவாரி, கையில் ஏதோ ஒரு கலர் மிட்டாய். பஸ்ஸைப் பிடித்து வீடு வந்து சேர எத்தனை மணி ஆனதோ. மறுநாள் காலையில் பிள்ளை உருண்டு புரண்டு அழுகிறது. ராத்திரி முழுக்கத் தூங்காததை விட்டுவிட்டு மிட்டாயைப் பிடித்துக்கொண்டால் எப்படி? பிறந்தநாள், கல்யாணம், காதுகுத்து எல்லாம் இதே கதைதான். இனிப்பு இருக்கும் இடத்தில் கூட்டமும் இருக்கும், மற்ற பிள்ளைகளும் இருப்பார்கள், அன்று படுக்கையும் தள்ளிப்போகும். என் கடையில் விற்கும் காய்ச்சல் சிரப்பில்கூட இனிப்பு இருக்கிறது. அதைக் குடித்துவிட்டுப் பையன் ஆட்டம் போட்டான் என்று இதுவரை யாரும் வந்து சொன்னதில்லை.

நம் பாட்டிமார் வேறு மாதிரி சொன்னார்கள்: இனிப்புத் தின்றால் வயிற்றில் பூச்சி வரும், பூச்சி வந்தால் பிள்ளை ராத்திரி பல்லைக் கடிக்கும், நிலைகொள்ளாது. இதில் முன்பாதி சரியில்லை. பூச்சி வருவது மண்ணிலும் நகத்திலும் ஒட்டிய முட்டையால், சர்க்கரையால் இல்லை. பின்பாதியில் விஷயம் இருக்கிறது. கீரிப்பூச்சி ராத்திரியில் ஆசனவாயில் அரிப்பை உண்டாக்கும், தூக்கத்தைக் கெடுக்கும். தூக்கம் கெட்ட பிள்ளை பகலில் எரிந்து விழும். பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 ஆகிய நாட்களையொட்டி அங்கன்வாடியிலும் பள்ளியிலும் அல்பெண்டசோல் என்ற பூச்சி மாத்திரை இலவசமாகக் கொடுக்கிறார்கள். அன்றைக்கு லீவு போட வைத்து, "அது கவர்மெண்ட் மாத்திர, வேணாம்" என்கிறவர்களும் உங்களில் இருக்கிறீர்கள். சர்க்கரையை நிறுத்துவதில் இருக்கும் வேகத்தில் பாதி இதில் இருந்தால் நன்றாக இருக்கும்.

கரும்பு விளைகிற பூமியில் இருந்துகொண்டு, செம்மேட்டில் ஆலை ஓடுகிற வட்டத்தில் இருந்துகொண்டு, இவன் சர்க்கரைக்கு வக்காலத்து வாங்குகிறான் என்று நினைத்துவிடாதீர்கள். சர்க்கரை மேல் வேறு வழக்கு இருக்கிறது, அது பலமான வழக்கு. பல்லைப் பாருங்கள். என் கடைக்குப் பல்வலிக்குச் சொட்டு மருந்து கேட்டு வருகிறீர்கள். பிள்ளை வாயைத் திறந்தால் முன்பற்கள் நாலும் கறுத்து, தேய்ந்து, வேர் மட்டும் நிற்கிறது. ராத்திரி சர்க்கரை போட்ட பால் பாட்டிலை வாயில் வைத்தபடியே தூங்கவிட்டதன் பலன் அது. "பால்பல்லுதான, வுழுந்துடும்" என்கிறீர்கள். முன்பல் ஆறேழு வயதில் விழும். கடைவாயில் இருக்கும் பால்பற்கள் பத்துப் பன்னிரண்டு வயது வரை இருந்தாக வேண்டியவை. அவற்றில் குழி விழுந்தால் பிள்ளை ராத்திரி தூங்காது, மெல்ல முடியாமல் சோற்றை ஒதுக்கும், பகலில் சிடுசிடுக்கும். சர்க்கரை பிள்ளையின் குணத்தைக் கெடுக்கிறது என்று யாராவது அடம்பிடித்தால், இந்த வழியாகக் கெடுக்கிறது என்று நானும் ஒத்துக்கொள்வேன்.

அளவும் ஒரு விஷயம். சேர்க்கிற சர்க்கரையிலிருந்து வரும் கலோரி மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும், அதிலும் பாதியாக்கினால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னது. நாலைந்து வயதுப் பிள்ளைக்கு அது நாளுக்கு முப்பது கிராம் சொச்சம். பாதியாக்கினால் மூன்று நாலு டீஸ்பூன். பல குளிர்பானங்களில் 100 மில்லிக்குப் பத்து கிராம் அளவில் சர்க்கரை இருக்கிறது. பாலில் கலக்கும் மாவு டப்பாக்களின் பின்பக்கத்தைப் படியுங்கள்; சிலவற்றில் எடையில் மூன்றில் ஒரு பங்கு சர்க்கரை. போர்ன்விட்டா போன்றவற்றை ‘ஹெல்த் டிரிங்க்’ என்ற தலைப்பில் விற்கக் கூடாது என்று 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம் இணைய வணிக நிறுவனங்களுக்குச் சொல்ல வேண்டி வந்தது. டப்பா இன்னும் நம் அலமாரிகளில் இருக்கிறது. என் கடையிலும்தான்.

இப்போது அந்த இனிப்பு மாத்திரைக்கு வருகிறேன். இப்படிப்பட்ட மாத்திரைகள் சிலவற்றில் இருக்கும் அஸ்பர்டேம் பிள்ளைகளை ஆட்டிவைக்கிறது என்று பயப்படுகிறவர்களும் உண்டு. வோல்ரைச் ஆய்வில் சின்னப் பிள்ளைகளுக்கு நாளுக்கு எடையில் கிலோவுக்குச் சராசரியாக 38 மில்லிகிராம் போயிற்று. உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை அமைப்பும் சேர்ந்த நிபுணர் குழு, வாழ்நாளெல்லாம் தினமும் எடுக்கலாம் என்று வகுத்த உச்ச அளவு 40. அவ்வளவு கொடுத்தும் நடத்தையில் கெடுதல் தெரியவில்லை. ஆகவே நடத்தைக்காக அதைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், நடத்தைக்காக அதை வாங்கவும் வேண்டாம். உடம்பு எடைக்காக இந்த இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்று 2023இல் உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்தே சொல்லிவிட்டது. பீனைல்கீட்டோனூரியா என்ற அபூர்வமான பிறவிக் கோளாறு இருக்கும் பிள்ளைக்கு அஸ்பர்டேம் ஆகவே ஆகாது. லேபிளில் அதைப் போட வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டம். இதையெல்லாம் விடுங்கள். பாலுக்கு இனிப்பே தேவையில்லை. நாலு வயது நாக்கு எதற்குப் பழகுகிறதோ அதைத்தான் பிறகு கேட்கும். மாத்திரை போட்டால் சர்க்கரை குறையும், இனிப்புப் பழக்கம் குறையாது.

நீங்கள் சந்தேகப்பட்டே ஆக வேண்டிய பொருள் ஒன்று இருக்கிறது. கலர். வோல்ரைச் ஆய்வில் கலர் சேர்த்த உணவைத் தவிர்த்துவிட்டுத்தான் சோதித்தார்கள். அதனால் அந்த ஆய்வு கலரைக் குற்றமற்றது என்று சொல்லவில்லை. 2007இல் இங்கிலாந்தில் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தார் மூன்று வயதுப் பிள்ளைகளுக்கும் எட்டு ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்கும் செயற்கை நிறங்களும் சோடியம் பென்சோயேட்டும் கலந்த பானம் கொடுத்துப் பார்த்தார்கள். சராசரியாகத் துறுதுறுப்பு கூடியது. பெரிய அளவில் இல்லை, எல்லாப் பிள்ளைக்கும் இல்லை, ஆனால் கூடியது. அதன் பிறகு 2010 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில், ஆறு நிறங்களில் எதைச் சேர்த்தாலும் குழந்தைகளின் கவனத்தையும் துறுதுறுப்பையும் பாதிக்கலாம் என்று லேபிளில் அச்சிட வேண்டும். அந்த ஆறில் 102, 110, 122, 124 ஆகிய எண்கள் நம் நாட்டில் உணவில் அனுமதிக்கப்பட்டவைதான். இங்கே அந்த எச்சரிக்கை வாசகம் கிடையாது.

பெட்டிக்கடையில் பத்து ரூபாய்க்கு வாங்கிக்கொடுக்கும் ஆரஞ்சு கலர் பாட்டிலைத் திருப்பிப் பிடியுங்கள். எறும்பு எழுத்தில் இருக்கும். 102, 110 என்றால் மஞ்சள், ஆரஞ்சுச் சாயம். 122, 124 சிவப்பு. 211 என்றால் சோடியம் பென்சோயேட். 950, 951, 954, 955 என்றால் நீங்கள் என்னிடம் கேட்ட அதே இனிப்பூட்டி வகை, ஏற்கெனவே பிள்ளை வயிற்றுக்குள் போய்க்கொண்டிருக்கிறது. லேபிளே இல்லாத பொருள் என்றால் இன்னும் மோசம். 2024 பிப்ரவரியில் முதலில் புதுச்சேரியும் அடுத்துத் தமிழ்நாடும் பஞ்சுமிட்டாய்க்குத் தடை போட்டது ஞாபகம் இருக்கும். அதில் இருந்த ரோடமின்-பி துணிக்கும் தாளுக்கும் போடும் சாயம். அப்போதும் நம் ஊரில் பலர் "சக்கரதான, என்னா பண்ணும்" என்றார்கள். சர்க்கரை அங்கே சாயத்தைச் சுமந்து வந்த வண்டி, அவ்வளவுதான்.

டீயையும் சொல்லிவிடுகிறேன். காலையில் பாலுக்குப் பதில் டீயும் பன்னும் கொடுத்து அனுப்புகிறீர்கள். டீயில் காஃபின் இருக்கிறது, தூக்கத்தில் கைவைக்கும். சோற்றோடும் கீரையோடும் சேர்த்துக் குடித்தால் இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாது. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ரத்தம் குறைந்த பிள்ளை சோர்ந்து கிடக்கும் என்றுதான் நினைக்கிறோம். எதிலும் மனம் நிற்காமல் சிணுங்கிக்கொண்டும் இருக்கும். அங்கன்வாடியில் கொடுக்கும் இரும்புச் சத்து சிரப்பும், 5 வயதுக்கு மேல் வாரம் ஒன்று கொடுக்கும் இளஞ்சிவப்பு மாத்திரையும் இதற்காகத்தான்.

இவ்வளவும் சொன்னது ஒரு பயத்தால். உங்களில் சிலருடைய பிள்ளைக்கு நிஜமாகவே பிரச்சினை இருக்கலாம். வீட்டிலும் பள்ளியிலும், இனிப்புத் தின்ற நாளிலும் தின்னாத நாளிலும், ஆறு மாதத்துக்கு மேலாக ஒரு நிமிடம் உட்கார முடியாமல், சொன்னதைக் காதில் வாங்க முடியாமல், தெருவில் வண்டி வருவதுகூட உறைக்காமல் ஓடுகிற பிள்ளை. அது ஏ.டி.எச்.டி. என்ற கவனக் குறைபாட்டு, மிகைத் துறுதுறுப்புக் கோளாறாக இருக்கலாம், காது கேளாமையாக இருக்கலாம், பேச்சு வராத கோபமாகவும் இருக்கலாம். ‘சர்க்கரையை நிறுத்திப் பார்ப்போம்’ என்று ஒரு வருடம், ‘ஒண்ணாங்கிளாஸ் போனா சரியாயிடும்’ என்று இன்னொரு வருடம் போகிறது. ஒவ்வொரு தடவையும் பழி இனிப்பு மேல் விழுவதால் டாக்டரிடம் போகும் நாள் தள்ளிக்கொண்டே போகிறது. இந்தச் சின்ன வயதில் ஏ.டி.எச்.டி. என்று தெரிந்தால் முதலில் மருந்து கொடுக்க மாட்டார்கள்; பிள்ளையிடம் எப்படிப் பேசுவது, எப்படிப் பழக்குவது என்று பெற்றோருக்குத்தான் பயிற்சி தருவார்கள். மருந்துக்குப் பயந்து போகாமல் இருக்க வேண்டியதில்லை.

ஆகவே உங்களிடம் கேட்பது இதுதான். பிள்ளையின் முன்னால் சர்க்கரையைக் காரணம் காட்டிப் பேசுவதை இன்றோடு நிறுத்துங்கள். பண்டிகை நாளில் ஒரு லட்டைக் கொடுங்கள், வாயைக் கொப்பளிக்கச் சொல்லுங்கள், தெருவில் ஓடவிடுங்கள். மற்ற நாளில் பாட்டில் பானத்தையும் கலர் தின்பண்டத்தையும் வீட்டுக்குள் விடாதீர்கள். ஆயாவிடம் சண்டை போடுவதற்குப் பதில், பூந்திக்கு மாற்றாக வேர்க்கடலை வாங்கிவரச் சொல்லுங்கள்; இந்த மண்ணில் விளைவதுதானே. அவித்து, நன்றாக நசுக்கிக் கொடுத்தால் நாலு வயதுக்குத் தொண்டையில் சிக்காது.

பிள்ளையின் ஆட்டம் உங்களை மீறிப் போகிறது என்று தோன்றினால் ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து, இரண்டு வாரத்துக்கு எழுதுங்கள்: எத்தனை மணிக்குத் தூங்கியது, எப்போது எழுந்தது, என்ன தின்றது, எப்போது பசித்தது, எவ்வளவு நேரம் செல்போன் பார்த்தது, எந்த நேரத்தில் அடம்பிடித்தது. தின்றதை அப்பா எழுதட்டும், ஆட்டத்தை அம்மா எழுதட்டும். ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காதீர்கள். அரசுப் பள்ளிக்கு ஆண்டுக்கு ஒரு முறையும் அங்கன்வாடிக்கு இரண்டு முறையும் பிள்ளைகளைப் பரிசோதிக்க ஆர்.பி.எஸ்.கே. என்ற அரசுக் குழந்தைநலத் திட்டத்தின் மருத்துவக் குழு வரும். பல், ரத்தசோகை, காது, கற்றல், ஏ.டி.எச்.டி. எல்லாம் அவர்கள் பார்க்கும் பட்டியலில் உண்டு. வரும் நாளை டீச்சரிடம் கேட்டு வைத்துக்கொண்டு நோட்டோடு போய் நில்லுங்கள். தனியார் நர்சரிக்கு அனுப்புகிறவர்கள் செஞ்சி அரசு மருத்துவமனைக்கு நேராகப் போகலாம். மேல் சிகிச்சை வேண்டுமென்றால் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரிக்கு எழுதிக்கொடுப்பார்கள். பிள்ளை அங்கேயும் நாற்காலி மேல் ஏறிக் குதிக்கும். குதிக்கட்டும், டாக்டர் அதையும் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் ஊர் மருந்துக்கடைக்காரன்,
செஞ்சி